ஏஎஃப்பி-எல்3 கூடுனதுக்கு சுகர் காரணமா?

மார்த்தாண்டம்_61: அப்பாவுக்கு ஈரல் சுருக்கம், கூடவே சுகர். ஈரல் புற்றுக்குப் பாக்குற ஏஎஃப்பிங்கிற ரத்தப் புரதம் 38 நானோகிராம், அதுல எல்3-ங்கிற வகை 14 சதவீதம். எல்3-ங்கிறது புரதத்தில ஒட்டியிருக்கிற சர்க்கரையைப் பாக்குற டெஸ்ட்டாமே? அப்போ சுகர் கூடுனதால இதுவும் கூடியிருக்குமா? அல்ட்ராசவுண்ட்ல கட்டி ஒண்ணும் இல்ல.

லேப்_அண்ணன்: இல்ல தம்பி, அது வேற சர்க்கரை. எச்பிஏ1சியில (மூணு மாச சராசரி சுகர் பாக்குற டெஸ்ட்) ரத்தத்து குளுக்கோஸ் தானாப் போய் ஹீமோகுளோபின்ல ஒட்டுது. ஏஎஃப்பியில உள்ள சர்க்கரைச் சங்கிலியை செல்லுக்குள்ள என்சைம்கள் கட்டுது. புற்றுச் செல் அந்தச் சங்கிலியோட அடியில ஃபியூகோஸ்னு ஒரு சர்க்கரையைக் கூடுதலாச் சேக்கும். மைசூர் பருப்புல இருந்து எடுக்கிற லெக்டின்ங்கிற, சர்க்கரையைப் புடிக்கிற புரதம் அந்த ஃபியூகோஸ் உள்ள ஏஎஃப்பியைப் புடிச்சு வைக்கும். (ஆமா, குழம்பு வைக்கிற அதே பருப்புதான்.) அப்படிப் புடிபடுற பங்குதான் எல்3. 10 சதவீதத்துக்கு மேல போனா புற்றோன்னு சந்தேகப்படணும். சாப்பிட்டாலும் சாப்பிடாட்டாலும் இது மாறாது.

இன்னொண்ணு: ஈரல் சுருக்கத்துல சிவப்பணு சீக்கிரம் அழியும். அதனால எச்பிஏ1சி பொய்யா குறைஞ்சு காட்டும். அதை நம்பி சுகர் மாத்திரையைக் குறைச்சிராதீங்க.

குமரி_நர்ஸ்: ஈரல் வீக்கத்தைக் காட்டுற எஸ்ஜிபிடி எவ்வளவுன்னு பாருங்க. மஞ்சள்காமாலைக் கிருமியால ஈரல் கடுமையா வீங்கியிருந்தா, புற்று இல்லாமலே ஏஎஃப்பியும் எல்3-யும் ஏறும். ஈரல் புற்றுக்கான இன்னொரு ரத்த டெஸ்ட்டான பிவ்காவும் எடுத்தா, வார்ஃபரின் (ரத்தம் உறையாம இருக்கக் குடுக்குற மாத்திரை) சாப்பிடுறவங்களுக்கும் வைட்டமின் கே குறைஞ்சவங்களுக்கும் அது ஏறும்னு ஞாபகம் வைங்க. அதுல அலகையும் பாக்கணும். ஒரு லேப் நானோகிராம்ல 7.5-ஐ எல்லையா வைக்கும், இன்னொண்ணு எம்ஏயூவில 40-ஐ வைக்கும். ரெண்டையும் பக்கத்துல வச்சு ஒப்பிட்டா வீண் பயம்தான் மிஞ்சும்.

லேப்_அண்ணன்: ஏஎஃப்பி 20-ஐத் தாண்டி, எல்3-யும் 10-ஐத் தாண்டியாச்சு. இனி அல்ட்ராசவுண்டை நம்பி ஆறு மாசம் இருக்கக் கூடாது. சுருங்குன ஈரல்ல சின்னக் கட்டி அதுல தப்பிரும். ஆசாரிப்பள்ளம் மெடிக்கல் காலேஜ் போனாலும் திருவனந்தபுரம் போனாலும் சீட்டுல 'ட்ரைஃபேசிக் சிடி, கல்லீரல்'னு எழுதியிருக்கணும், அதாவது மருந்து ஏத்தி மூணு கட்டமா எடுக்குற படம். மருந்து ஏத்துன உடனே கட்டி வெளுத்துத் தெரியும், கொஞ்சம் கழிச்சு மங்கிப் போகும். அந்த ரெண்டும் சேந்துதான் அடையாளம். ஒரே கட்டத்துல எடுத்த படத்துல அது தெரியாது. முன்னாடியே கிட்னிக்கான கிரியாட்டினின் டெஸ்ட் பாத்திருங்க. சுகருக்கு மெட்ஃபார்மின் மாத்திரை எடுத்தா அதையும் டாக்டர்ட்ட சொல்லணும்.

மார்த்தாண்டம்_61: எஸ்ஜிபிடி 39-தான் அண்ணே, கூடல. சீட்டுல வெறும் 'அப்டமன் சிடி'ன்னுதான் இருக்கு. திங்கக்கிழமை மாத்தி வாங்குறேன்.