மறு: ‘குற்றமற்ற மணமுறிவு’ சரிதானா?

ஐயா, வணக்கம்.

> நோ-ஃபால்ட் டைவர்ஸ்: குற்றமற்ற மணமுறிவு / இசைவு மணமுறிவு

நோ-ஃபால்ட் டைவர்ஸ், அதாவது எதிராளி மேல் குறை சொல்லாமலே பெறும் மணமுறிவுக்கு, நம் கலைச்சொல் பட்டியலுக்காக நீங்கள் தந்த இந்த இரண்டு சொற்களும் எனக்கு ஒட்டவில்லை. ‘குற்றமற்ற’ என்றால் மற்ற மணமுறிவெல்லாம் குற்றம் என்று ஆகிவிடும். ‘பிழையற்ற’ இன்னும் மோசம், மெய்ப்புப் பார்த்த மணமுறிவு! ‘இசைவு’ வேறு சங்கதி. 1976-இல் இந்து திருமணச் சட்டத்தில் சேர்த்த 13பி பிரிவு அது. இருவரும் சேர்ந்து மனுப் போட வேண்டும். எங்கள் வேலூர் சத்துவாச்சாரி கோர்ட்டில் அதை ‘மியூச்சுவல்’ என்பார்கள். இங்கிலாந்திலோ 2022 ஏப்ரல் முதல் ஒருவர் மட்டும் விண்ணப்பித்தாலும் போதும். மற்றவர் மேல் குறை எதுவும் சொல்ல வேண்டாம், அவர் சம்மதமும் வேண்டாம். அதற்குப் போய் இசைவு என்று பெயர் வைப்பதா?

நான் மனு தட்டச்சு செய்பவன். போன மாதம் குடியாத்தம் பக்கத்திலிருந்து ஒரு பெண் வந்தார். “அவரு அடிக்கல, குடிக்கல சார். ஒத்து வரல, அவ்ளோதான்.” கணவர் மியூச்சுவலுக்குக் கையெழுத்துப் போட மாட்டாராம். 13-ஆம் பிரிவில் பிறர்மனை உறவு, கொடுமை, இரண்டாண்டு கைவிட்டிருத்தல் என்று பெரும்பாலும் எதிராளி தலையில் ஏற்றும் காரணங்கள்தான். ‘ஒத்து வரல’வுக்கு இடமில்லை. வக்கீல் சொல்லச் சொல்ல மனரீதியான கொடுமை என்று நாலு பத்தி அடித்தேன். அந்தப் பெண் படித்துப் பார்த்துவிட்டு, “இவ்ளோ கெட்டவரு இல்லீங்களே” என்றார்.

ஆகவே ஃபால்ட் இங்கே பழி. பழிசார் மணமுறிவு, பழிசாரா மணமுறிவு என்று வைக்கலாம். அரசு சாரா, அமைப்பு சாரா என்று காதுக்குப் பழகிய வடிவம்தான்.

அப்புறம், ‘இர்ரிட்ரீவபிள் பிரேக்டவுன்’, அதாவது இனிச் சேர்த்துவைக்க முடியாதபடி மணவாழ்வு முறிந்துபோவது, என்பதற்கு மீளா முறிவு. சட்ட ஆணையம் 1978-லேயே பரிந்துரைத்தும் அது நம் சட்டத்தில் ஏறவில்லை. 2023-இல் உச்ச நீதிமன்றம், அரசியலமைப்பின் 142-ஆம் உறுப்பின்படி அந்தக் காரணத்துக்காகத் தானே நேரடியாக மணமுறிவு தரலாம் என்றது. வேலூர் கோர்ட்டில் கேட்டால் கிடைக்காது.

—

> பழிசாரா மணமுறிவு

தம்பி, ‘பழி’ என்றதும் பழிவாங்கல்தான் எனக்கு முதலில் தோன்றியது. ‘குறைகூறா’ என்றும் எழுதிப் பார்த்தேன். மாமியார் வீட்டுப் பேச்சு மாதிரி இருக்கிறது. சரி, உங்கள் சொல்லே இருக்கட்டும். மீளா முறிவுக்குத் தடையே இல்லை. வெள்ளிக்கிழமைக்குள் யாரும் மறுக்காவிட்டால் இரண்டையும் பட்டியலில் ஏற்றிவிடுகிறேன்.