69 கமாரோ: புது ஸ்டீயரிங் வீல் போட்டதும் ஹார்ன் நிற்கவில்லை, வீலும் சாய்வு. உதவி தேவை

நீலக்கமாரோ:
வணக்கம். வண்டி 1969 செவர்லே கமாரோ. பவர் ஸ்டீயரிங், டில்ட் (வீலை மேலும் கீழும் சாய்க்கும் வசதி) கிடையாது. கம்பெனி வீலை எடுத்துவிட்டு 14 இன்ச் மரப்பிடி வீல், ஹப் அடாப்டர் (வீலை ஷாஃப்டோடு இணைக்கும் நடுத்துண்டு) வைத்துப் போட்டாச்சு. வேலை பார்த்தது வெளிக்கடையில். இப்போது மூன்று தொல்லை:
1. சென்டர் நட்டை இறுக்க ஆரம்பித்ததும் ஹார்ன் அடிக்கிறது, சாவி ஆஃபில் இருந்தாலும்.
2. நேர்ரோட்டில் வீல் வலப்பக்கம் சுமார் 15 டிகிரி சாய்ந்து நிற்கிறது. பழைய வீலிலும் இந்தச் சாய்வு இருந்தது.
3. இடது இண்டிகேட்டர் திரும்பி முடித்த பிறகும் அணையவில்லை. வலது சரி.
"ஒரு பல் தள்ளிப் போட்டால் சாய்வு போய்விடும்" என்கிறார் கடைக்காரர். செய்யலாமா?

ஸ்பேனர்செட்:
பல் தள்ள விடாதீங்க. ஷாஃப்டில் 36 பல், ஒரு பல்லுக்கு 10 டிகிரி. கணக்குப்படி ஒன்று தள்ளினால் மிச்சம் 5 டிகிரிதானே என்று தோணும். ஆனால் இண்டிகேட்டரை அணைக்கிற பிளாஸ்டிக் கேமிலிருந்து ஒரு சின்ன டவர் மேலே நீட்டிக்கொண்டிருக்கும். அது லாக் பிளேட்டின் (ஸ்டீயரிங்கைப் பூட்டும் தகடு) ஓட்டை வழியாக வந்து ஹப்பின் துளைக்குள் உட்காரணும். ஹார்ன் ஸ்பிரிங் போவதும் அதற்குள்தான். ஹப்பை ஒரு பல் திருப்பினாலே துளை டவரை விட்டு விலகிவிடும். அப்படியே நட்டை இறுக்கினால் டவர் நசுங்கும். ஏற்கெனவே யாரோ அப்படித்தான் இறுக்கியிருக்கிறார்களோ என்று சந்தேகம்.

அடாப்டரைத் தூக்கிப் பாருங்க. ஷாஃப்ட் முனையில் ஒரு குறிக்கோடு இருக்கும். ஸ்டீயரிங் பெட்டி (ஷாஃப்டின் அடியில் இருக்கும் கியர் பெட்டி) நடுவில் இருக்கும்போது அது 12 மணிப் பக்கம் நிற்கணும்.

வயரிங்_வாத்தி:
முதலில் ஹார்ன். ஜிஎம் (செவர்லேயின் தாய்க் கம்பெனி) வண்டியில் ஹார்ன் ரிலேவுக்கு (ஹார்னுக்கு மின்சாரம் விடும் சுவிட்ச்) எப்போதும் 12 வோல்ட் இருக்கும். ஸ்டீயரிங்கிலிருந்து வரும் கறுப்பு வயரை எர்த் செய்தால் அடிக்கும். சாவி ஆஃபிலும் அடிப்பது அதனால்தான். அந்தக் கறுப்பு வயர் எங்கேயாவது இரும்பில் பட்டுக்கொண்டிருக்கிறது, அவ்வளவுதான்.

பேட்டரி நெகட்டிவைக் கழற்றிவிட்டு வேலை செய்யுங்க, சோதிக்கும்போது மட்டும் மாட்டினால் போதும். வரிசை இது:

நடு பட்டனை எடுத்து, அதில் மாட்டிய வயரைப் பிடுங்குங்க. ஹார்ன் நின்றால் பட்டன் பக்கக் கோளாறு: ஸ்பேடு டெர்மினல் ஹப்பில் தொடுகிறது, இல்லை பட்டன் அழுந்தி மாட்டியிருக்கிறது.
நிற்காவிட்டால் நட்டைக் கழற்றி அடாப்டரைத் தூக்குங்க. இப்போது நின்றால் டவருக்குள்ளிருக்கும் பித்தளைப் பின் ஹப்பில் படுகிறது.
அப்போதும் அடித்தால் டேஷுக்கு அடியில் ஸ்டீயரிங் காலத்தின் (ஷாஃப்டைச் சுற்றியுள்ள குழாய், column) அடிப்பக்கம் பிறை வடிவக் கனெக்டர் இருக்கும், அதைப் பிரிங்க. நின்றால் உள்ளே வயர் உரசியிருக்கிறது. நிற்காவிட்டால் கனெக்டருக்கு அப்பால் கறுப்பு வயர் எங்கோ படுகிறது, இல்லை ரிலே ஒட்டிக்கொண்டது.

நீலக்கமாரோ:
பட்டன் வயரைக் கழற்றியும் அடித்தது. அடாப்டரைத் தூக்கியதும் நின்றது. டவரின் விளிம்பு ஒரு பக்கம் நசுங்கி, கீழே வரை விரிசல். ஷாஃப்ட் குறிக்கோடு நேர்ரோட்டு நிலையில் 12 மணிக்குக் கொஞ்சம் வலப்பக்கம்.

வயரிங்_வாத்தி:
பிடித்தாச்சு. கேமை மாத்தணும், ஒட்டுப்போட வேண்டாம். அது லாக் பிளேட்டுக்கு அடியில் இருக்கும். 1969 மாடலிலிருந்துதான் சாவி ஸ்டீயரிங் காலத்துக்கு வந்தது, அதோடு இந்த லாக் பிளேட்டும். 67, 68 வண்டிக்குப் போட்ட வீடியோவைப் பார்த்துக் கழற்றினால் குழப்பம்தான்.

லாக் பிளேட்டை அழுத்தும் கருவி உதிரிபாகக் கடைகளில் வாடகைக்குக் கிடைக்கும். ஷாஃப்டில் நட் ஏறும் மரையில் அதை ஏற்றி, பிளேட்டை அழுத்தி, ஷாஃப்டின் காடியிலிருந்து வளையக் கிளிப்பை எடுங்க. கிளிப் தெறிக்கும், கண்ணாடி போட்டுக்கோங்க. சாவி லாக் நிலையில் இருக்கக் கூடாது. பிளேட், கேம், அடியில் ஸ்பிரிங் என்ற வரிசையில் வெளியே வரும். படம் பிடித்து வைத்துக்கோங்க. மாட்டும்போது கிளிப் புதிது.

கிரீஸ்கை:
இரண்டு விஷயம். வீலைப் பிடுங்க புல்லர் (போல்ட் வைத்து இழுத்துக் கழற்றும் கருவி) மட்டும். அந்த ஷாஃப்ட் மோதலில் சுருங்குகிற மாதிரி செய்தது. உள்ளே பிளாஸ்டிக் பின்கள்தான் பிடித்திருக்கும். சுத்தியலால் ஒரு தட்டு தட்டினால் பின் அறுந்து ஷாஃப்ட் முன்னும் பின்னும் ஆட ஆரம்பிக்கும். சரிபார்க்க, வீலை உங்கள் பக்கம் இழுத்து அமுக்கிப் பாருங்க. நீளவாட்டில் ஆட்டம் தெரிந்தால் வண்டியை எடுக்க வேண்டாம்.

இரண்டாவது, புல்லர் போல்ட் நீளமாக இருந்தால் ஹப்பைத் துளைத்து அடியில் லாக் பிளேட்டில் முட்டும், கேமும் நொறுங்கும். மரை பிடித்ததும் நாலைந்து சுற்றோடு நிறுத்துங்க.

ஸ்பேனர்செட்:
இடது இண்டிகேட்டர் அணையாதது உடைந்த கேமாலும் இருக்கலாம், ஆனால் எனக்குச் சாய்வோடு சேர்த்துத்தான் சந்தேகம். கேம் ஷாஃப்டோடு சுற்றுகிறது. நேர்ரோட்டில் ஷாஃப்டே வலப்பக்கம் நின்றால் கேமின் மேடும் நடுவில் இல்லை. ஒரு பக்கம் சீக்கிரம் அணையும், மறுபக்கம் அணையாது. கோளாறு வீலுக்குக் கீழே இருக்கிறது. எந்த வீல் போட்டாலும் சாயும்.

யாரோ டை ராடுகளை (முன்சக்கரங்களைத் திருப்பும் கம்பிகள்) சமமில்லாமல் திருகி டோ (முன்சக்கரங்கள் உள்ளேயோ வெளியேயோ பார்த்து நிற்கும் அளவு) சரிபார்த்திருக்கிறார்கள். டோ அளவு சரி, பெட்டி நடுவை விட்டுவிட்டது. இந்த வண்டியின் சாகினாவ் கம்பெனி ஸ்டீயரிங் பெட்டியில் நடுவில்தான் பல் இறுக்கமாகப் பொருந்தும். விலகி ஓட்டினால் நேர்ரோட்டில் ஒரு தளர்ச்சி தெரியும். அதை வீல் ஆட்டம் என்று நினைத்துப் பெட்டியை இறுக்குகிறவர்களும் உண்டு. அது வேண்டாம்.

சரிசெய்ய: முன்சக்கரங்களைத் தூக்கி, பிட்மேன் ஆர்மை (பெட்டியிலிருந்து வரும் நெம்புகோல்) டை ராடு இணைப்பிலிருந்து விடுவித்து, ஒரு கோடியிலிருந்து மறுகோடிவரை சுற்றுகளை எண்ணுங்க. பாதி தூரத்தில் நிறுத்தினால் பெட்டி நடு. கோடியில் மெதுவாகத் தொடணும், இடிக்காதீங்க. அந்த நிலையில் குறிக்கோடு 12 மணிக்கு வந்தால் மேலே எல்லாம் சரி. வராவிட்டால் பெட்டிக்கு மேலுள்ள ரப்பர் ஜாயின்ட்டைப் பாருங்க. அதன் இரண்டு போல்ட்டும் வேறு வேறு அளவு, மாற்றிப்போட முடியாதபடி. யாராவது துளையைப் பெருக்கியிருந்தால் 180 டிகிரி திரும்பியிருக்கும்.

பிறகு இணைப்பை மாட்டி, இரண்டு டை ராடு ஸ்லீவையும் (கம்பியின் நீளத்தை மாற்றும் மரைக்குழாய்) திருகணும்: ஒரு பக்கம் நீளும் அளவுக்கு மறுபக்கம் குறையணும். அப்போதுதான் டோ மாறாமல் வீல் மட்டும் நேராகும். முடித்ததும் அலைன்மென்ட்டில் ஒருமுறை டோ பார்த்துவிடுங்க.

நீலக்கமாரோ:
கேம் மாத்தியாச்சு. ஹார்ன் இப்போது நின்றது, ஆனால் பட்டனை அமுக்கினாலும் அடிக்கவில்லை! பெட்டி நடுவில் வைத்தால் குறிக்கோடு சரியாக 12. டை ராடு வேலை அடுத்து.

வயரிங்_வாத்தி:
அடாப்டர் கறுப்பு ஆனோடைஸா? அந்தப் பூச்சு மின்சாரம் கடத்தாது. பட்டனின் எர்த் ஹப் வழியாகத்தான் போகணும். எர்த் வயர் பிடிக்கும் திருகின் அடியில் மட்டும் ஒரு வாஷர் அகலத்துக்குப் பூச்சைச் சுரண்டி, பல் வைத்த வாஷர் போடுங்க. மல்டிமீட்டரில் அந்தத் திருகுக்கும் பேட்டரி நெகட்டிவுக்கும் இடையில் 1 ஓமுக்குள் வரணும். வராவிட்டால் ஷாஃப்டுக்கே எர்த் சரியில்லை என்று அர்த்தம்.

கிரீஸ்கை:
மாட்டும்போது கவனிக்க ஒன்று: வண்டி முழுக்க இன்ச் மரை, இந்த வீல் மட்டும் மில்லிமீட்டர். ஆறு திருகும் எம்5. துளைவட்டம் (ஆறு துளைகளின் நடுவழியே போகும் வட்டத்தின் விட்டம்) 70 மில்லிமீட்டரா 74 மில்லிமீட்டரா என்று வீலையும் அடாப்டரையும் அளந்து பாருங்க. மோமோ கம்பெனி வீல் 70, நார்டி கம்பெனி வீல் 74. கலந்து வாங்கினால் நாலு மில்லிமீட்டர் ஒத்துவராது. துளையை அரம் போட்டு நீட்டுவது ஆபத்து. எதிரெதிராக, கொஞ்சம் கொஞ்சமாக, கையால் ஆலன் கீயில் மட்டும் இறுக்குங்க. இம்பாக்ட் கன் வேண்டாம். நடுத்தர நீல நிற மரைப்பசை ஒரு சொட்டு. சென்டர் நட் 30 அடி-பவுண்ட், கம்பெனி நட்டையே போடுங்க, கையால் தடையில்லாமல் ஏறணும். ஆண்டுக்கு ஆண்டு மரை மாறுவதால் அடாப்டரோடு வரும் நட் ஏறவில்லை என்றால் திணிக்காதீங்க.

நீலக்கமாரோ:
70க்கு 70, ஒத்துப்போகிறது. அடாப்டர் கறுப்புதான், சுரண்டியதும் ஹார்ன் அடிக்குது. டை ராடு திருகும்போது கிளாம்ப் போல்ட் எந்தப் பக்கம் பார்த்து நிற்கணும்?

ஸ்பேனர்செட்:
முழுத் திருப்பத்திலும் ஃபிரேமிலோ மற்ற கம்பிகளிலோ உரசாத பக்கம். கிளாம்ப்பின் வாய் ஸ்லீவின் வெட்டுமேல் விழக் கூடாது, கொஞ்சம் தள்ளி வையுங்க. இரண்டும் நேர்க்கோட்டில் இருந்தால் இறுக்கினாலும் பிடிக்காது. இறுக்கிய பிறகு உதவிக்கு ஒருவரை வைத்து இரண்டு பக்கமும் கோடிவரை திருப்பி, கீழே படுத்துப் பாருங்க.