1919: உலக நிகழ்வுகளுக்குப் பக்கத்தில் பிறப்புப் பட்டியல் எதற்கு? ஒரு விவாதம்

ஆழியான்:

பெரும் போர்களுக்குப் பிந்தைய ஆண்டுகளைப் பற்றி எழுதுவோர் ‘உலக நிகழ்வுகள்’ என்று ஒரு பட்டியலையும் ‘இவ்வாண்டில் பிறந்தவர்கள்’ என்று இன்னொரு பட்டியலையும் அடுத்தடுத்து வைக்கிறார்கள். இந்த இரண்டாவது பட்டியலுக்கு வரலாற்று எழுத்தில் இடமில்லை என்பது என் வாதம்.

முதல் உலகப் போர் முடிந்த மறு ஆண்டான 1919ஐ எடுத்துக்கொள்வோம். ஜனவரி 18 அன்று பாரிசில் அமைதி மாநாடு கூடியது. சீனாவின் ஷான்டோங் பகுதியில் ஜெர்மனிக்கு இருந்த உரிமைகளை ஜப்பானுக்குக் கொடுப்பது என்று அந்த மாநாடு முடிவெடுத்ததால் மே 4 அன்று பீக்கிங் மாணவர்கள் தெருவில் இறங்கினார்கள். ஜூன் 28 அன்று வெர்சாய் உடன்படிக்கையில் சீனப் பிரதிநிதிகள் கையெழுத்திட மறுத்தார்கள். இவை ஒன்றிலிருந்து ஒன்று கிளைத்தவை. காரணமும் விளைவும் கண்முன் தெரிகின்றன. அதே ஆண்டு ஜூலை 20 அன்று ஆக்லாந்தில் எட்மண்ட் ஹிலாரி பிறந்தார். ஆகஸ்ட் 12 அன்று அகமதாபாத்தில் விக்ரம் சாராபாய் பிறந்தார். பாரிசில் நடந்த எதற்கும் இவர்கள் பிறப்புக்கும் என்ன தொடர்பு? நாட்காட்டி ஒன்றாக இருப்பதைத் தவிர வேறொன்றுமில்லை.

தமிழ்வாணி:

ஐயா, உங்கள் வாதத்துக்கு ஏற்ற இரண்டு பெயர்களை எடுத்துக்கொண்டீர்கள். நான் வேறு நால்வரைச் சொல்கிறேன்.

போர்நிறுத்தம் 1918 நவம்பர் 11 அன்று. டிசம்பர் 11 அன்று ரஷ்யாவில் எழுத்தாளர் அலெக்சாண்டர் சோல்ஜெனிட்சின் பிறந்தார். போரில் பீரங்கிப்படை அதிகாரியாக இருந்த அவருடைய தந்தை, மகன் பிறப்பதற்கு ஆறு மாதங்களுக்கு முன்பே வேட்டை விபத்தொன்றில் இறந்துவிட்டிருந்தார். டிசம்பர் 23 அன்று ஹாம்பர்க்கில், பின்னாளில் ஜெர்மன் அரசியல் தலைவரான ஹெல்முட் ஷ்மிட் பிறந்தார். டிசம்பர் 25 அன்று நைல் வடிநிலத்துச் சிற்றூர் ஒன்றில், பின்னாளில் எகிப்தின் அதிபரான அன்வர் சதாத் பிறந்தார். வெர்சாயில் கையெழுத்தாகி ஒரு மாதம் கழித்து, 1919 ஜூலை 31 அன்று இத்தாலியின் டூரின் நகரத்தில் எழுத்தாளர் பிரிமோ லெவி பிறந்தார்.

இந்த நால்வரும் இருபது வயதை எட்டியபோது இரண்டாம் போர் வாசலில் நின்றது. ஷ்மிட் ஜெர்மன் படையில் கிழக்குப் போர்முனைக்குப் போனார். சோல்ஜெனிட்சின் தந்தையைப் போலவே பீரங்கிப்படையில் சேர்ந்து, ஸ்டாலினைக் குறைகூறிக் கடிதம் எழுதியதற்காக 1945 பிப்ரவரியில் போர்முனையிலேயே கைதானார். சதாத் பிரிட்டிஷாரை விரட்ட வேண்டும் என்ற ஒரே எண்ணத்தில் ஜெர்மானியரோடு தொடர்பு வைத்து 1942இல் சிறைப்பட்டார். வேதியியல் படித்த லெவி, யூதர் என்பதால் 1944இல் நாஜிகளின் அவுஷ்விட்ஸ் வதைமுகாமுக்கு அனுப்பப்பட்டார். 1919இல் மேசைமேல் வைத்துத் தீர்க்காமல் விட்ட கேள்விகளுக்கு இருபதாண்டு கழித்து உடம்பால் பதில் சொல்ல நேர்ந்தவர்கள் இவர்கள். இதை வெறும் நாட்காட்டி ஒற்றுமை என்று எப்படித் தள்ளுவது?

ஆழியான்:

நீங்கள் சொல்வது உருக்கமாக இருக்கிறது. ஆனால் நிரூபணமாக இல்லை. புகழ் பெற்றவர்களைப் பின்னாலிருந்து பொறுக்கியெடுத்து, அவர்கள் பிறந்த நாளுக்கு நாமே பொருள் ஏற்றுகிறோம். அதே வாரத்தில் ஹாம்பர்க்கில் பிறந்து, பெயர் தெரியாமல் வாழ்ந்து மறைந்த ஆயிரக்கணக்கானோர் எந்தப் பட்டியலிலும் இல்லை.

மேலும், அவர்கள் தலைமுறையைப் போருக்குள் தள்ளியது அவர்கள் பிறந்த தேதி அல்ல, வெர்சாய் உடன்படிக்கை. 231ஆம் பிரிவு போரினால் வந்த இழப்புகளுக்கெல்லாம் ஜெர்மனியையும் அதன் கூட்டாளிகளையும் பொறுப்பாக்கியது. படைபலம் 1,00,000 பேருக்குள் அடக்கப்பட்டது. 1921இல் இழப்பீடு 13,200 கோடி தங்க மார்க் என்று நிர்ணயிக்கப்பட்டது. கையெழுத்து நடந்த இடத்தையும் பாருங்கள்: 1871இல் பிரான்சைத் தோற்கடித்து ஜெர்மன் பேரரசைப் பிரகடனம் செய்த அதே கண்ணாடி மண்டபம். போரில் முகம் சிதைந்த ஐந்து பிரெஞ்சு வீரர்களை அந்த மண்டபத்தில் நிறுத்தியிருந்தார்கள். கையெழுத்திட வந்த ஹெர்மன் முல்லரும் யோஹன்னஸ் பெல்லும் அவர்களைக் கடந்துதான் மேசைக்குப் போக வேண்டியிருந்தது. தோற்ற நாட்டை இப்படி நடத்தியதன் பயனை உலகம் 1939இல் அறுவடை செய்தது.

நல்லசிவம்:

நண்பர் ஆழியான் அவர்களே, பிறப்புப் பட்டியல் பற்றி உங்களோடு எனக்குப் பாதி உடன்பாடு உண்டு. வெர்சாய் பற்றிச் சொன்னதில் அறவே உடன்பாடில்லை. நம் பாடநூல்கள் தலைமுறை தலைமுறையாகச் சொல்லிவரும் ‘வெர்சாய் விதைத்தது, ஹிட்லர் விளைந்தான்’ என்ற கணக்கு தேதிகளோடு ஒத்துப்போகவில்லை.

இழப்பீடும் 231ஆம் பிரிவும் நடைமுறையில் இருந்த 1928 மே மாதத் தேர்தலில் நாஜிக் கட்சி பெற்றது 2.6 விழுக்காடு வாக்கு. 1932 ஜூலையில் அது 37.3 விழுக்காட்டைத் தொட்டது. அதே ஜூலையில்தான் லொசான் மாநாடு இழப்பீட்டைக் கிட்டத்தட்ட முழுமையாகவே ரத்து செய்திருந்தது. சுமை இருந்தபோது வராத வெற்றி, சுமை இறங்கியபோது வந்திருக்கிறது. இடையில் நடந்தது 1929இன் பொருளாதாரப் பெருமந்தம். வேலையிழந்தவர்களின் வரிசையை விட்டுவிட்டுக் கண்ணாடி மண்டபத்தையே பார்த்துக்கொண்டிருந்தால் காரணம் பிடிபடாது.

தோற்ற நாட்டைக் கடுமையாக நடத்துவதில் ஜெர்மனியும் சளைத்ததில்லை. 1918 மார்ச்சில் பிரெஸ்ட்-லிட்டோவ்ஸ்க் உடன்படிக்கையின் மூலம் ரஷ்யாவிடமிருந்து அதன் மக்கள்தொகையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு வாழ்ந்த நிலப்பரப்பைப் பிரித்தெடுத்தது. அதோடு ஒப்பிட்டால் வெர்சாயின் நிபந்தனைகள் மிதமானவை.

பரணி:

இதுவரை பேசிய மூவரும் ஐரோப்பாவிலேயே நிற்கிறீர்கள். வெர்சாயில் இந்தியாவின் பெயராலும் கையெழுத்து விழுந்தது. போட்டவர்கள் இந்தியாவுக்கான அமைச்சர் மான்டேகுவும் பிகானேர் மன்னர் கங்கா சிங்கும். போருக்குப் பத்து லட்சத்துக்கும் மேற்பட்டவர்களைக் கடல்கடந்து அனுப்பிய நாட்டுக்கு அந்த ஆண்டு கிடைத்தது ரௌலட் சட்டம். காந்தி அந்த மார்ச்சில் சென்னையில் ராஜாஜியோடு தங்கியிருந்தபோதுதான் நாடு தழுவிய ஹர்த்தால் என்ற எண்ணம் அவருக்கு உதித்தது; ஏப்ரல் 6 அன்று நாடெங்கும் கடைகள் அடைக்கப்பட்டன; ஏப்ரல் 13 அன்று ஜாலியன்வாலா பாகில் 1,650 தோட்டாக்கள் சுடப்பட்டன. அரசுக் கணக்கிலேயே 379 பேர் இறந்தார்கள். மறுநாள் குஜ்ரன்வாலாவில் விமானத்திலிருந்து குண்டு வீசினார்கள். போர் முடிந்துவிட்டது என்று ஐரோப்பாவில் பேசிக்கொண்டிருந்த ஐந்தாவது மாதம் அது.

எகிப்திலும் இதே கதைதான். போர்நிறுத்தம் வந்த இரண்டாம் நாளே சாத் சக்லூல் பிரிட்டிஷ் ஆணையரிடம் போய் விடுதலை கேட்டார், பாரிசுக்குப் போக அனுமதி கேட்டவரை மார்ச் 8 அன்று பிடித்து மால்டாவுக்கு நாடுகடத்தினார்கள், நாடே எழுந்தது. தமிழ்வாணி அவர்கள் குறிப்பிட்ட சதாத் அப்போது மூன்று மாதக் குழந்தை.

தமிழ்வாணி:

பரணி சொன்னதற்கு நன்றி. ஆழியான் ஐயா கேட்டது நியாயமான கேள்வி. பெயர் தெரியாதவர்கள் எங்கே என்கிறார். அவர்களைப் பற்றியே பேசுவோம். அதிலும் பிறக்காமலே போனவர்களிடமிருந்து தொடங்குவோம்.

போரில் பிரான்ஸ் ஏறக்குறைய 14 லட்சம் பேரை இழந்தது. ஆண்கள் போர்முனையில் இருந்த ஆண்டுகளில் அங்கே குழந்தைப் பிறப்பு போருக்கு முந்தைய அளவில் பாதியளவுக்குச் சரிந்தது. அந்தக் குறை உடனே எவர் கண்ணிலும் படவில்லை. முதலில் பள்ளிக்கூட வகுப்புகள் மெலிந்தன. பிறகு 1930களின் நடுவில், படையில் சேர வேண்டிய வயதை அந்தத் தலைமுறை எட்டியபோது, ராணுவ முகாம்களுக்கு வந்த இளைஞர் தொகை வழக்கத்தில் பாதியாக இருந்தது. பிரெஞ்சுக்காரர்கள் அவற்றை ‘வெற்று ஆண்டுகள்’ என்றே அழைத்தார்கள். இப்படி ஆகும் என்பது முன்கூட்டியே கணக்குத் தெரிந்த விஷயம். ஆள் குறையும் ஆண்டுகளைக் கான்கிரீட்டால் ஈடுகட்டலாம் என்ற எண்ணமும் மாஜினோ அரண் வரிசையைக் கட்டியதற்கு ஒரு காரணம். 1935 மார்ச்சில் கட்டாய ராணுவச் சேவையை இரண்டு ஆண்டாக நீட்டியதும் இதனால்தான். மறுநாளே ஹிட்லர் ஜெர்மனியில் கட்டாய ராணுவச் சேவையைக் கொண்டுவந்து, உடன்படிக்கையின் 1,00,000 வரம்பைத் தூக்கியெறிந்தார்.

போர் முடிந்த கையோடு பிரெஞ்சு அரசு என்ன செய்தது என்பதையும் பாருங்கள். 1920இல் பல குழந்தைகளைப் பெற்ற தாய்மார்களுக்குப் பதக்கம் கொடுக்கத் தொடங்கியது. அதே ஆண்டு ஜூலையில் கருத்தடை பற்றிய பிரசாரத்தையே குற்றமாக்கியது. உடன்படிக்கை எழுதியவர்களுக்கே பிறப்பு எவ்வளவு பெரிய அரசியல் என்று தெரிந்திருந்தது. அதை இன்று வரலாற்றிலிருந்து நாம் எப்படி விலக்குவது?

ஆழியான்:

வெற்று ஆண்டுகளைப் பற்றிச் சொன்னதை முழுமனதோடு ஏற்கிறேன். ஆனால் அது மக்கள்தொகை வரலாறு. ‘ஜூலை 31: பிரிமோ லெவி பிறந்தார்’ என்று ஒற்றை வரி எழுதுவதற்கும் அதற்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வேறுபாடு இருக்கிறது. தொகையைப் பேசுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை; பெயர்ப் பட்டியலை ஏன் காப்பாற்றுகிறீர்கள்?

நல்லசிவம் அவர்களுக்கு: 1928இன் 2.6 விழுக்காடு சரியான தகவல். ஆனால் மந்தம் அமெரிக்காவையும்தான் தாக்கியது. அங்கே ரூஸ்வெல்ட் வந்தார், ஜெர்மனியில் ஹிட்லர் வந்தார். பசித்தவன் யாரைக் குற்றவாளி என்று நம்புகிறான் என்பதை 1919 முன்பே எழுதிவைத்திருந்தது.

நல்லசிவம்:

அதை எழுதிவைத்தது உடன்படிக்கையின் வாசகம் என்பதைவிட, போர்முனையில் தோற்கவில்லை, உள்நாட்டில் முதுகில் குத்தப்பட்டோம் என்று ஜெர்மன் தளபதிகள் பரப்பிய பொய் என்பேன். 1919 நவம்பரில் நாடாளுமன்ற விசாரணைக் குழுவின் முன் ஹிண்டன்பர்க் அதையே சாட்சியமாகச் சொன்னார். வெர்சாய் எவ்வளவு மென்மையாக இருந்திருந்தாலும் அந்தப் பொய் சொல்லப்பட்டிருக்கும்.

ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். போர்நிறுத்தத்துக்குப் பிறகும் ஜெர்மனி மீதான கடல் முற்றுகை 1919 ஜூலை வரை நீடித்தது. சண்டை ஓய்ந்த பிறகும் குழந்தைகள் அரைவயிறாகக் கிடந்த அந்த எட்டு மாதங்களை நேச நாடுகளின் பக்கம் நின்று என்னால் நியாயப்படுத்த முடியாது.

தமிழ்வாணி:

அந்தக் குளிர்காலத்தில்தான் ஹாம்பர்க்கில் ஷ்மிட் பிறந்தார் என்பதை முற்றுகையைப் பற்றிப் படிப்பவர் அறிந்துகொள்வதில் என்ன தவறு? எண்ணிக்கை மட்டும் இருந்தால் வாசகர் தலையாட்டிவிட்டுக் கடந்துவிடுவார். ஒரு பெயரைப் பிடித்துக்கொண்டால் அந்த ஆள் இருபது வயதில் எங்கே இருந்தார், ஐம்பது வயதில் என்ன செய்தார் என்று தேடிப் போவார். பெயர்ப் பட்டியலின் பயன் அதுவே.

ஆழியான்:

அப்படியானால் ஒரேயொரு பிறப்பைக் காட்டுங்கள். உடன்படிக்கை இல்லாவிட்டால் அது நடந்த இடத்தில் நடந்திருக்காது என்று திட்டவட்டமாகச் சொல்லத்தக்க ஒன்று. சதாத்தும் லெவியும் உடன்படிக்கை இல்லாவிட்டாலும் அங்கேயேதான் பிறந்திருப்பார்கள்.

தமிழ்வாணி:

காட்டுகிறேன். 1926 பிப்ரவரி 2, ஜெர்மனியின் கோப்லென்ஸ் நகரம். வெர்சாய் உடன்படிக்கைப்படி ரைன் ஆற்றங்கரைப் பகுதியில் நேச நாட்டுப் படைகள் தங்கியிருந்தன. அங்கே பிரெஞ்சு நிர்வாகத்தில் பணியாற்றிய ஓர் அதிகாரிக்கு ஒரு மகன் பிறந்தான். பெயர் வாலெரி ஜிஸ்கார் தெஸ்தாங். உடன்படிக்கை இல்லையென்றால் அந்தக் குடும்பத்துக்குக் கோப்லென்சில் வேலையே இருந்திருக்காது. பதினெட்டு வயதில் அவர் பிரெஞ்சுப் படையில் சேர்ந்து ஜெர்மனிக்குள் போரிட்டுக்கொண்டே போனார். 1974 மே மாதத்தில் அவர் பிரான்சின் குடியரசுத் தலைவரானார். அதே மாதத்தில் ஷ்மிட் மேற்கு ஜெர்மனியின் பிரதமரானார். இருவரும் சேர்ந்து ஐரோப்பியத் தலைவர்கள் முறையாகக் கூடும் அவையை அந்த ஆண்டே தொடங்கிவைத்து, 1979இல் ஐரோப்பிய நாணய முறையையும் கொண்டுவந்தார்கள். முற்றுகைக் காலத்து ஹாம்பர்க் குழந்தையும் ஆக்கிரமிப்புக் காலத்துக் கோப்லென்ஸ் குழந்தையும் ஒரே மேசைக்கு வந்ததை நான் பிறப்புப் பட்டியல் வழியாகத்தான் கண்டுகொண்டேன். உடன்படிக்கையின் 440 பிரிவுகளில் எதிலும் அது இல்லை.

ஆழியான்:

கோப்லென்ஸ் நல்ல சான்று, மறுக்கவில்லை. ஆனாலும் அந்த இருவரையும் ஒரே மேசைக்குக் கொண்டுவந்தது 1919 அல்ல, 1945 என்றுதான் இன்னமும் கருதுகிறேன். 1950இல் நிலக்கரியையும் எஃகையும் இரு நாடுகளும் பொதுவில் வைத்துக்கொள்ளலாம் என்று பிரெஞ்சு வெளியுறவு அமைச்சர் ராபர்ட் ஷூமன் அறிவித்தபோதே பாதை போடப்பட்டுவிட்டது. அவர்கள் அதில் நடந்தார்கள்.

தமிழ்வாணி:

ஷூமன் 1886இல் லக்சம்பர்க்கில் பிறந்தவர். அவருடைய தந்தையின் லொரேன் பகுதி 1871இல் ஜெர்மனிவசம் போனதால் ஜெர்மன் குடிமகனாகவே வளர்ந்து, ஜெர்மன் பல்கலைக்கழகங்களில் சட்டம் படித்தார். அல்சாஸ்-லொரேன் பிரான்சிடம் திரும்பியதால்தான் 1919இல் பிரெஞ்சுக் குடிமகனாகி, அந்த ஆண்டே பிரெஞ்சு நாடாளுமன்றத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். நீங்கள் 1950 என்று சொல்லும் ஆளும் 1919 வழியாகத்தான் வருகிறார், ஐயா.