கசகசாவில் மார்ஃபின்: விதைக்குள்ளேயா, மேலேயா?

நக்கீரப்பேரன்:
"கசகசா விதைக்குள் இயற்கையாகவே மார்ஃபின் இருக்கிறது, ஊறவைத்த தண்ணீரைத் தினமும் குடித்தால் நல்ல தூக்கம், பக்கவிளைவே கிடையாது" என்று நேற்று ஒரு மகானுபாவர் எழுதியிருக்கிறார், அதற்குக் கைதட்டல் வேறு. விதைக்குள் ஏறக்குறைய ஒன்றும் கிடையாது ஐயா. அபினில் உள்ள போதைப்பொருள்களான மார்ஃபினும் கோடீனும் இருப்பது காயிலிருந்து வடியும் பாலில். அறுவடையில் காய் நசுங்கும்போது அது விதையின் மேல் ஒட்டிக்கொள்கிறது. மேல்!

பச்சிலை:
மகானுபாவர் நான்தான், பெயர் சொல்லியே திட்டலாம். இதைச் சாப்பிட்டவர்களின் சிறுநீரில் மார்ஃபின் தெரிகிறது என்றுதான் அமெரிக்காவில் அரசு ஊழியர் போதைமருந்துச் சோதனை வரம்பை 1998இல் மில்லிலிட்டருக்கு 300 நானோகிராமிலிருந்து 2000க்கு ஏற்றினார்கள். விதையில் இல்லாமலா?

நக்கீரப்பேரன்:
விதையில் அல்ல, விதையின் மேல். கழுவினால் பெரும்பங்கு போய்விடுகிறது, உள்ளே இருந்தால் போகுமா? கழுவிய தண்ணீரில் இறங்குகிறதே, அந்தத் தண்ணீரைத்தான் நீங்கள் குடிக்கச் சொல்கிறீர்கள்! கழுவாத விதையை நிறைய ஊறவைத்துக் குடித்து மூச்சடங்கிச் செத்தவர்கள் இருக்கிறார்கள்.

தேனடை:
அளவைப் பேசுங்களேன். ஒரு கிலோ உடல் எடைக்கு 10 மைக்ரோகிராம் மார்ஃபின் என்பது ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் வைத்த எல்லை, 60 கிலோ ஆளுக்கு 600. அங்கே விற்கும் விதையில் கிலோவுக்கு 20 மில்லிகிராம் வரை இருக்க அனுமதி உண்டு, அப்படியானால் 30 கிராமிலேயே கணக்கு முடிந்தது.

நக்கீரப்பேரன்:
அளவு அப்புறம். உள்ளேயா, மேலேயா?

பச்சிலை:
இவர் இப்படித்தான். வெந்தயத்தை வறுத்தால் அதிலுள்ள ட்ரைகோனெலின் என்ற பொருள் நியாசினாக, அதாவது பி3 வைட்டமினாக மாறும் என்று நான் எழுதியபோதும் 'எவ்வளவு சூட்டில்' என்று நாள்கணக்கில் குடைந்தார்.

நக்கீரப்பேரன்:
சர்க்கரை குறைவதற்கே ட்ரைகோனெலின் மட்டும்தான் காரணம் என்றீர்கள், வெந்தயத்தின் நார்ச்சத்தை அப்படியே விழுங்கிவிட்டு. அதற்கு இன்னும் பதில் இல்லை.

சும்மாவந்தவன்:
கசகசாவுக்கு வந்து வெந்தயத்தில் மாட்டிக்கொண்டேன். அந்தத் தண்ணீரைக் குடிக்கலாமா, வேண்டாமா?

தேனடை:
வேண்டாம். தூக்கமாத்திரை எடுப்பவர் கிட்டவே போகக்கூடாது, இரண்டும் சேர்ந்து மூச்சை அமுக்கும்.

பச்சிலை:
மாத்திரைக் கம்பெனி ஆள் வந்துவிட்டார்.

தேனடை:
நான் கணக்கு வாத்தியார். 30ஐ 20ஆல் பெருக்கியதற்கு எந்தக் கம்பெனியும் காசு தராது.

நக்கீரப்பேரன்:
பச்சிலை சார், 'மேலே' என்று எழுத இவ்வளவு கஷ்டமா?

பச்சிலை:
சார் எல்லாம் வேண்டாம். 'ஏறக்குறைய' ஒன்றும் இல்லை என்று எழுதியது நீங்கள்தான். அப்படியானால் கொஞ்சம் இருக்கிறது. உள்ளே.

நக்கீரப்பேரன்:
அடுத்த கதை ஆரம்பம்! இருங்கள், சாயங்காலம் நீளமாக எழுதுகிறேன்.