முழங்கால் அறுவைக்கு அம்மா வரிசையில் எத்தனையாவது, யாரிடம் கேட்பது?

அம்மாவுக்கு 63 வயது, திருப்பாதிரிப்புலியூரில் இருக்கிறோம். வலது முழங்கால் மூட்டு முழுக்கத் தேய்ந்துவிட்டது, எக்ஸ்ரேயில் நான்காம் கிரேடு. போன ஆடியில் அரசு மருத்துவமனையில் மூட்டு மாற்று அறுவைக்குப் பதிந்தார்கள். முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருக்கிறது, அனுமதியும் வந்துவிட்டது. இருந்தும் தேதி தள்ளிக்கொண்டே போகிறது. இப்போது வாக்கர் இல்லாமல் கழிவறைக்குக்கூடப் போக முடியவில்லை, ராத்திரி வலியில் தூக்கமே இல்லை.

விபத்தில் அடிபட்டு வருபவர்களை முதலில் எடுக்கிறார்கள். அது நியாயம்தான், அதில் எனக்கு ஒரு வார்த்தை கிடையாது. ஆனால் எங்களுக்குப் பின்னால் பதிந்த, அதே முழங்கால் கேஸ் இரண்டு பேருக்கு முடிந்துவிட்டது. நடக்கவே முடியாதவருக்கு முன்னுரிமையா, பதிந்த தேதிப்படியா, தெரிந்தவர் சொன்னால் நகருமா? எந்த முறை என்று ஒருவரும் சொல்வதில்லை.

காப்பீட்டு மேசையில் கேட்டால் டாக்டரைக் கேள் என்கிறார்கள், டாக்டர் தியேட்டர் காலியில்லை என்கிறார். 104 மருத்துவ உதவி எண், 1100 முதல்வர் உதவி மையம் இரண்டுக்கும் பேசினேன், திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர் கூட்டத்தில் மனுவும் கொடுத்தேன். மனு மருத்துவமனைக்கே போய், ‘ஆவன செய்யப்படும்’ என்று ஒரு வரி பதில் வந்தது. அப்புறம் தகவல் உரிமைச் சட்டத்தில் (ஆர்டிஐ) காத்திருப்போர் பட்டியல் கேட்டேன். மற்ற நோயாளிகளின் விவரம் தனிப்பட்டது, தர முடியாது என்றுவிட்டார்கள். தனியாரில் செய்ய எங்களிடம் பணம் இல்லை.

யாருடைய பெயரும் எனக்கு வேண்டாம். பதிவு தேதி, வரிசை எண், முன்னுரிமை விதி, இந்த மூன்றையும் மட்டும் எழுத்தில் வாங்க ஆர்டிஐ மனுவை எப்படி எழுத வேண்டும், இப்படி வாங்கியவர்கள் யாராவது இருக்கிறீர்களா?