மறு: பெருக்கி இல்லாத ஒலிபெருக்கி, வெள்ளிக்கிழமைக்குள் ஒரு சொல் வேண்டும்

அன்பர்களுக்கு வணக்கம்.

எங்கள் பள்ளியில் பழைய பொருளறையைக் காலிசெய்து சின்னதாக ஓர் ஒலிப்பதிவு அறை அமைத்துக்கொண்டிருக்கிறோம். பிள்ளைகள் கதை வாசித்துப் பதிவார்கள், பதிந்ததைக் கேட்டுத் திருத்துவார்கள். ஒரு கணினி, ஒரு மேசை, மேசைமேல் இரண்டு சின்ன ஸ்பீக்கர், அவ்வளவுதான். எந்த மாதிரி ஸ்பீக்கர் வாங்குவது, எப்படி வைப்பது என்று சொல்லும் நான்கு பக்க ஆங்கிலக் கையேட்டைத் தமிழாக்கும் வேலை எனக்கு வந்தது. வெள்ளிக்கிழமை அது அச்சகத்துக்குப் போக வேண்டும்.

இரண்டாம் பக்கத்திலேயே நின்றுவிட்டேன். மேசைக்கு வாங்கும் ஸ்பீக்கரில் இரண்டு வகை உண்டு. ஒன்றில் ஆம்ப்ளிஃபயர் உள்ளேயே இருக்கும், மின்சாரத்தில் சொருகிக் கணினியோடு இணைத்தால் பாடும். மற்றதில் இருக்காது, ஆம்ப்ளிஃபயரைத் தனியாக வாங்கி நடுவில் வைக்க வேண்டும். ஸ்பீக்கருக்கு ஒலிபெருக்கி, ஆம்ப்ளிஃபயருக்குப் பெருக்கி என்று எழுதிக்கொண்டே வந்தவன், 'சில ஒலிப்பெருக்கிகளில் பெருக்கி இருக்காது' என்று எழுதிவிட்டேன். ஐந்தாம் ஆண்டு மாணவி ஒருத்தியிடம் படிக்கக் கொடுத்தேன். அந்த வரியில் விரலை வைத்துக்கொண்டு, "சார், பெருக்கவே பெருக்காதுன்னா அதுக்கு ஏன் ஒலிபெருக்கின்னு பேரு?" என்றாள். என்னிடம் பதில் இல்லை.

எனக்கு வேண்டியவை மூன்று. ஸ்பீக்கருக்குப் பெருக்கலைச் சொல்லாத ஒரு சொல், மேசையில் பக்கத்தில் வைத்துக் கேட்கும் சின்ன வகைக்கு ஒரு பெயர், அப்புறம் முடிந்தால் பெட்டிக்குள் தாழ்ந்த ஒலி தரும் வூஃபர், உயர்ந்த ஒலி தரும் ட்வீட்டர் இரண்டுக்கும் சொற்கள். உதவுங்கள்.

பட்டர்வொர்த்திலிருந்து

*

தம்பிக்கு,

பிள்ளை கேட்டது சரியான கேள்வி. ஆனால் முதலில் ஒரு திருத்தம். உங்கள் வரியில் ஒலிப்பெருக்கி என்று இருக்கிறது. ஒலியைப் பெருக்குவது ஒலிபெருக்கி, இரண்டாம் வேற்றுமைத் தொகை, ஒற்று மிகாது. நாற்பது ஆண்டு மெய்ப்புப் பார்த்த கண்ணுக்கு இதுதான் முதலில் படுகிறது.

ஒலிபெருக்கி பிழையான சொல் அல்ல. காதில் மாட்டிக்கொண்டு ஒருவர் மட்டும் கேட்டதை அறை முழுக்கக் கேட்கவைத்த கருவி அது, மக்கள் கண்ணில் ஒலி பெருகியது, அப்படிப் பெயர் வைத்தார்கள். மலாயிலும் பெம்பெசார் சுவாரா, குரலைப் பெரிதாக்குவது என்றுதான் பொருள். இலக்கணத்தில் காரண இடுகுறி என்று ஒரு வகையே உண்டு. காரணம் இருக்கும், ஆனால் காரணமுள்ள எல்லாவற்றுக்கும் அந்தப் பெயர் போகாது.

இருந்தாலும் புதுச்சொல்தான் வேண்டும் என்றால் கறங்கி என்று வையுங்கள். சங்கப் பாட்டில் அருவி கறங்கும், பறை கறங்கும். கறங்குதல் ஒலித்தல். அதே சொல்லுக்குச் சுழலுதல் என்றும் பொருள் உண்டு, காற்றாடிக்குக் கறங்கு என்றே பெயர். ஸ்பீக்கருக்குள் கம்பிச் சுருள் இருக்கிறதல்லவா? சுருளும் ஒலியும் ஒரே வினைக்குள் அடங்குகின்றன. இதைவிடப் பொருந்தும் சொல் வேறு மொழியில் இருக்கிறதா என்று பாருங்கள்.

பெட்டிக்குப் பின்னால் ஒரு துளை இருக்குமே, அதற்கும் சொல் உண்டு. முழை என்றால் குகை. உள்ளே வெறுமையாக இருப்பதுதான் முழங்கும், முழவு, முழக்கம், குடமுழா எல்லாம் என் காதில் அதோடு சேர்ந்தே ஒலிக்கின்றன. அந்தத் துளையை முழைவாய் என்று எழுதலாம். இன்னும் விரிவாக நாளை எழுதுகிறேன்.

செந்தூல், கோலாலம்பூர்

*

ஐயாவுக்கு வணக்கம்.

நான் பிரிக்பீல்ட்ஸில் ஒலி அமைப்பு வேலை பார்க்கிறவன், கோயில் திருவிழா, கல்யாணம் எல்லாம். கறங்கி கேட்க நன்றாக இருக்கிறது, ஆனால் ஸ்பீக்கர்ச் சுருள் சுழலாது ஐயா. முன்னும் பின்னும் போய்வரும். ஜெனரல் எலெக்ட்ரிக்கில் ரைசும் கெல்லாகும் 1925இல் எழுதி வெளியிட்ட அமைப்புதான் இன்றைக்கும் ஓடுகிறது: காந்தத்துக்கு நடுவே சுருள், சுருளோடு ஒட்டிய கூம்பு, கூம்பு காற்றைத் தள்ளுகிறது. அது எதையும் பெருக்குவதும் இல்லை, மின்சாரத்தை அசைவாக மாற்றுகிறது, அவ்வளவே. பெருக்குவது ஆம்ப்ளிஃபயர். அதனால் அந்த மாணவி சொன்னதுதான் சரி.

முழை விஷயத்தில் ஐயா சொன்னது தொழிலுக்கும் ஒத்துவருகிறது. வெறும் குடத்தின் வாயில் ஊதினால் ஒரு 'பூம்' வரும். பெட்டித் துளை செய்வதும் அதேதான், உள்ளே இருக்கும் காற்றை ஒரு குறிப்பிட்ட தாழ்ந்த சுருதியில் ஆடவைத்துச் சின்னக் கூம்பால் தர முடியாத அடியொலியைத் தருகிறது. அந்தத் துளையைச் சுவரில் ஒட்டி வைத்தால் அடியொலி தடித்துப்போய் வாசிப்பவர் குரல் குகைக்குள்ளிருந்து வரும். இதைக் கையேட்டில் பெரிய எழுத்தில் போடுங்கள்.

ஒரே ஒரு வேண்டுகோள். சின்ன ஸ்பீக்கருக்கு ஆங்கிலத்தில் புத்தக அலமாரியை வைத்துப் பெயர். அதை நூலடுக்கு ஒலிபெருக்கி என்று தயவுசெய்து மொழிபெயர்க்காதீர்கள். பையன் நிஜமாகவே கொண்டுபோய் அலமாரிக்குள் புத்தகங்களுக்கு நடுவே சொருகிவிடுவான். யமஹாவின் என்எஸ்-10 என்ற ஸ்பீக்கர் 1978இல் வீட்டு அலமாரிக்கென்று வந்தது. கடைசியில் ஒலிப்பதிவுக் கூடங்களில், ஒலிகளைக் கலக்கும் பலகைக்கு மேலே, பொறியாளர் முகத்துக்கு நேரே போய் உட்கார்ந்தது. வைக்கும் இடத்தை வைத்துப் பெயர் கொடுத்தால் இப்படித்தான், இடம் மாறிவிடும் பெயர் மாறாது.

வூஃபருக்கு நான் ஒரு சொல் சொல்கிறேன்: உறுமி. ஆங்கிலத்தில் நாயின் குரலை வைத்தும் குருவியின் குரலை வைத்தும்தான் இரண்டுக்கும் பெயர் வந்தது. நமக்கு உறுமி, கீச்சி. இதைவிட எளிது என்ன?

*

கிள்ளானிலிருந்து ஒரு சின்ன யோசனை. ஆம்ப்ளிஃபயர் உள்ளே இருப்பதைச் செய்வினை ஒலிபெருக்கி, இல்லாததைச் செயப்பாட்டுவினை ஒலிபெருக்கி எனலாமே? இலக்கண வகுப்பில் பிள்ளைகள் படித்த சொற்கள்தானே. பல்கலையில் தமிழ் படிக்கிறேன், தவறு இருந்தால் பெரியவர்கள் பொறுத்துக்கொள்ளவும்.

*

தம்பி, யோசனை அழகுதான், ஆனால் வகுப்பறைக்கு வெளியே செய்வினை என்றால் என்ன என்று உங்கள் பாட்டியைக் கேட்டுப் பாருங்கள். 'இந்த அறைக்குச் செய்வினை வைத்த பெட்டி வாங்கினோம்' என்று பெற்றோர் சங்கக் கூட்டத்தில் எந்தத் தலைமையாசிரியராலும் சொல்ல முடியாது. பெருக்கி உள்ளது, பெருக்கி இல்லாதது. அது போதும்.

என் சொல் ஒலிவழங்கி. காரணம் சொல்கிறேன். மைக்குக்கு ஒலிவாங்கி என்பது இங்கே எல்லாப் பிள்ளைக்கும் தெரியும், பள்ளிச் சபைகூடலிலேயே சொல்கிறோம். வாங்குவது ஒன்று, வழங்குவது மற்றது. ஒன்றைச் சொன்னால் மற்றது தானாக நினைவில் நிற்கும். செந்தூல் ஐயா கவனிக்க வேண்டும், வ இடையினம், ஒற்று மிகுமா மிகாதா என்ற சண்டையே வராது. ஒலிப்பான் என்று யாராவது சொல்ல வருவதற்கு முன்பே சொல்லிவிடுகிறேன், எனக்கு அதில் மனத்தடை எதுவும் இல்லை. ஆண்பால் வினைமுற்று மாதிரி இருக்கிறது என்பார்கள், ஆனால் அழிப்பானை எந்தப் பிள்ளையும் ஆண் என்று நினைத்ததில்லை. ஒலிவாங்கிக்கு ஜோடியாக நிற்காது என்பதுதான் என் குறை.

உறுமி வேண்டாம், பிரிக்பீல்ட்ஸ் தம்பி. தைப்பூசத்தன்று தண்ணீர்மலைக்குப் போகும் வழியில் நின்று பாருங்கள், பத்து வயதுப் பையன்கள் கூட்டத்தில் உறுமி மேளம் அடித்துக்கொண்டு வருகிறார்கள். வளைந்த குச்சியைத் தோலில் தேய்த்து அந்த முனகலை எழுப்புவதைக் காட்டி என் மகன் அதன் பெயரைத்தான் முதலில் கற்றான். உயிரோடு புழங்கும் ஒரு வாத்தியத்தின் பெயரை எடுத்துப் பெட்டிக்குள் அடைப்பது எனக்குச் சம்மதமில்லை.

ஜார்ஜ்டவுன், பினாங்கு

*

பாயான் லெப்பாஸிலிருந்து. அக்கா, வழங்கி எங்கள் சொல். கணினித் துறையில் செர்வருக்குப் பல ஆண்டுகளாக அதைத்தான் எழுதுகிறோம். ஒலிவழங்கி என்றால் பாட்டுகளைச் சேர்த்துவைத்து வலையில் அனுப்பும் கணினி என்றுதான் எனக்குப் புரியும். இதே கையேட்டில் நாளைக்கு அதுவும் வந்தால் என்ன செய்வீர்கள்? ஆம்ப்ளிஃபயரை மிகைப்பி என்று மாற்றிவிட்டு ஒலிபெருக்கியைத் தொடாமல் விடுங்கள். மாணவியின் கேள்விக்கு 'சில ஒலிபெருக்கிகளில் மிகைப்பி இருக்காது' என்பது பதிலாகிவிடும்.

*

மறைத்தால் கேள்வி போய்விடுமா? ஒலிபெருக்கி பெருக்குகிறது என்றுதான் அந்தப் பிள்ளை கடைசிவரை நினைத்துக்கொண்டிருக்கும்.

ஒலியின் அடுக்குகளுக்கு வருகிறேன். வூஃபர், ட்வீட்டருக்கு நாய், குருவியைத் தேடிப் போக வேண்டியதே இல்லை. சிலப்பதிகாரம் அரங்கேற்று காதையில் வலிவும் மெலிவும் சமனும் என்று மூன்று தானத்தையும் வைத்திருக்கிறார் இளங்கோ. தாழ்ந்தது மெலிவு, நடு சமன், உயர்ந்தது வலிவு. மெலிவி, வலிவி. வேறென்ன வேண்டும்?

ஸ்பீக்கர் என்றே எழுதலாம் என்பவர்களுக்கும் ஒன்று. வடசொல்லை அதன் எழுத்தை நீக்கித் தமிழ் எழுத்தோடு பொருத்தி வாங்கலாம் என்று தொல்காப்பியர் வழி விட்டிருக்கிறார், மறுக்கவில்லை. ஆனால் மெய்யெழுத்து சொல்லுக்கு முதலில் வராது. தோட்டத்தில் என் அப்பா இசுப்பீக்கர் என்றுதான் சொல்வார். அவர் பள்ளிக்கூடம் போகாதவர், ஆனால் விதியை மீறாமல் பேசினார். அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு நெஞ்சு நிறைகிறது.

செந்தூல்

*

ஐயா, மெலிவு என்றால் இன்றைக்கு மெலிந்தது. வூஃபரை மெலிவி என்று எழுதினால் சன்னமான ஒலி தருவது என்று பிள்ளை நினைக்கும், இருப்பதிலேயே தடித்த ஒலி தருவது அதுதான். வலிவு கனத்தது என்று நினைக்கும், ட்வீட்டரோ விரல்நகம் அகலத்துக்கு ஒரு பட்டுக் குமிழ். இரண்டும் தலைகீழாகப் புரியும். கச்சேரி மேடையில் சரி, கையேட்டில் ஆபத்து.

பிரிக்பீல்ட்ஸ்

*

எல்லாருக்கும் வணக்கம், வியாழன் இரவு பதினொன்றரை ஆகிறது.

நேற்று மாலை பள்ளியிலேயே இருந்து சோதித்துப் பார்த்தேன். இரண்டு ஜோடி இரவலாகக் கிடைத்தன, ஒன்றில் மூன்று அங்குலக் கூம்பு, மற்றதில் நான்கு. இரண்டிலும் பின்பக்கம் முழைவாய். (ஆமாம் ஐயா, வாயில் வந்துவிட்டது.) மாணவி பதிந்த கதையையும், அக்கா அனுப்பிய உறுமி மேளப் பதிவையும் ஓடவிட்டேன். மூன்று அங்குலத்தில் குச்சியின் உரசல் மட்டும் கேட்டது, அடியில் இருக்கும் முனகல் பாதி காணோம். நான்கு அங்குலத்தைச் சுவரில் ஒட்டி வைத்தபோது முனகல் வந்தது, ஆனால் கதை சொல்கிற குரலில் மகரமும் வகரமும் குழம்பின. ஒரு சாண் முன்னால் இழுத்தேன், பரவாயில்லை. அப்புறம் இரண்டு பெட்டிக்கும் அடியில் தடித்த அகராதி ஒன்றை வைத்து ட்வீட்டரைக் காது உயரத்துக்குக் கொண்டுவந்து, இரண்டுக்கும் நடுவே எவ்வளவு தூரமோ அதே தூரத்தில் உட்கார்ந்தேன், முக்கோணம் மாதிரி, பக்கத்துக்குச் சுமார் 80 சென்டிமீட்டர். அப்போதுதான் குரல் பெட்டிகளை விட்டு நடுவில் வந்து நின்றது, மேசைக்கு அந்தப் பக்கம் அவளே உட்கார்ந்து வாசிப்பது மாதிரி.

அங்கே உட்கார்ந்திருக்கும்போதுதான் இரண்டாவது பெயரும் கிடைத்தது. இந்த வகையை மற்றதிலிருந்து பிரிப்பது மேசையும் அல்ல அலமாரியும் அல்ல, கிட்டத்தில் இருந்து கேட்பது. கிட்ட இருந்தால் சுவரில் பட்டுத் திரும்பும் ஒலியைவிடப் பெட்டியிலிருந்து நேரே வரும் ஒலி தூக்கலாக இருக்கும், அறை மோசமானாலும் ஓரளவு தப்பித்துக்கொள்ளலாம். எங்கள் பொருளறைக்கு அதுதான் வேண்டும். எனவே அண்மை என்று வைக்கிறேன்.

எழுதிய ஏழு பேரில் நால்வர் ஒலிவழங்கிக்கு, தனிமடலில் எழுதிய இருவரையும் சேர்த்து. பாயான் லெப்பாஸ் நண்பரின் மறுப்பு நியாயமானது, அதற்கு என்னிடம் முழுப் பதில் இல்லை. ஆனால் ஒலிபரப்பும் கணினி இந்தக் கையேட்டில் எங்கும் வரவில்லை, ஒலிவாங்கியோ பக்கத்துக்குப் பக்கம் வருகிறது. கையேட்டில் இப்படிப் போகிறது: முதல் முறை வரும்போது 'ஒலிவழங்கி, அதாவது ஸ்பீக்கர்', பிறகு ஒலிவழங்கி மட்டும். சின்ன வகைக்கு அண்மை ஒலிவழங்கி, பிரித்தே எழுதுகிறேன், அண்மையொலிவழங்கி என்று சேர்த்தால் அவளால் ஒரே மூச்சில் வாசிக்க முடியவில்லை. பெருக்கி உள்ளது, பெருக்கி இல்லாதது. வூஃபரும் ட்வீட்டரும் அப்படியே, அவற்றுக்கு இன்னும் மனம் ஒப்பும் சொல் வரவில்லை. துளைக்கு முழைவாய்.

இன்று காலையில் அந்த வரியை மாணவியிடம் மறுபடி கொடுத்தேன். 'சில ஒலிவழங்கிகளில் பெருக்கி இருக்காது.' வாசித்தாள், நிற்கவில்லை, அடுத்த வரிக்குப் போய்விட்டாள்.

*

தம்பி,

முழைவாயை எடுத்துக்கொண்டதற்கு மகிழ்ச்சி. கறங்கியை நான் விடவில்லை. சுருள் சுழலவில்லை என்றாலும் கறங்குதலின் முதற்பொருள் ஒலித்தல்தானா சுழலுதல்தானா என்பது பற்றி ஞாயிற்றுக்கிழமை தனியாக ஒரு மடல் போடுகிறேன். ஒலிவழங்கி கடைக்காரன் சொல் மாதிரி இருக்கிறது, பினாங்கு அம்மையார் கோபித்துக்கொள்ளக் கூடாது.

அச்சுக்குப் போகுமுன் மெய்ப்புப் படியை இன்றிரவே அனுப்புங்கள், ஒற்றை மட்டும் பார்த்துத் தருகிறேன், விழித்துத்தான் இருக்கிறேன். நீங்கள் முன்பு அனுப்பிய மூன்றாம் பக்க மாதிரியில் கடைசி வரி 'சுவற்றில்' என்று இருந்தது. சுவரில்.

செந்தூல்