கரை திரும்பும் படகுகள்: ஆட்கள் கறுத்துப் போகிறார்களே?

கேள்வி: விடியற்காலையில் மீன்பிடிப் படகுகள் துறைமுகத்துக்குள் நுழைவதைப் படம் எடுக்கிறேன். சூரியன் படகுக்குப் பின்னால். வானம் நன்றாக வருகிறது, ஆட்கள் கரிக்கட்டையாகத் தெரிகிறார்கள். என்ன செய்யலாம்?

பதில் 1: ரா ஃபைலாக (கேமரா பதிந்ததை அப்படியே வைத்திருக்கும் கோப்பு) எடுங்கள். வானம் வெளுக்காமல் எக்ஸ்போஷர் (கேமராவுக்குள் விடும் ஒளியின் அளவு) வைத்து, நிழலை அப்புறம் கணினியில் தூக்கிக்கொள்ளலாம்.

பதில் 2: அதற்கும் ஓர் எல்லை உண்டு, ரொம்பத் தூக்கினால் புள்ளி புள்ளியாகிவிடும். நான் இடத்தைத்தான் மாற்றுவேன். அலைதடுப்புச் சுவரைச் சுற்றிப் படகு திரும்பும்போது வெளிச்சம் பக்கவாட்டில் விழும் இடமாகப் பார்த்து நில்லுங்கள். ஈர வலையின் கண்கள், அணியத்தில் (படகின் முன்முனையில்) கயிற்றோடு நிற்பவரின் விரல்கள் எல்லாம் தனித்தனியாகத் தெரியும். ஷட்டர் திறந்திருக்கும் நேரம் 1/1000 நொடி போதும்.

கேட்டவர்: சரி, முயல்கிறேன். லென்ஸில் உப்பு படிகிறதே?

பதில் 2: உலர்ந்த துணியால் தேய்க்காதீர்கள், கீறல் விழும். ஊதிவிட்டு ஈரத்துணியால் மெதுவாக ஒற்றுங்கள்.